பழைய அச்சுப் படத்திலிருந்து ஓர் எண்ணெய் ஓவியம்

22 வருடம் இயந்திர வரைபடம் வரைந்து சம்பளம் வாங்கியவன் நான். பலகை, டி-ஸ்கொயர், ரூலிங் பேனா, கறுப்பு மை. கணினி வந்ததும் பேனா பெட்டிக்குள் போனது. கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. எண்ணெய் வண்ணம் பழக ஆரம்பித்தேன். எல்லோரையும் போலப் பூச்சாடி, மலை, கடற்கரை என்று தொடங்கி, எல்லோரையும் போலச் சொதப்பினேன். பழைய இயற்பியல் புத்தகம் ஒன்றில் அடிபம்பின் வெட்டுத்தோற்றத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கான பொருள் எது என்று தெரிந்தது. உருளை, பிஸ்டன், இரண்டு வால்வு, கீழே கிணற்றுத் தண்ணீர், பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள். உள்ளங்கை அளவு படம்.

முதல் முயற்சி படுதோல்வி. படத்தைப் பெரிதாக்கி, அதிலிருந்த கோடுகளை எண்ணி, ஒன்று விடாமல் எண்ணெயில் போட்டேன். 11 நாள் வேலை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஜெராக்ஸ் எடுத்தது போல இருந்தது. கோடெல்லாம் இருந்தது, பம்பைத்தான் காணோம்.

அதற்கப்புறம் தீட்டிய முப்பது சொச்சம் படங்களில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பழைய படத்தின் கோட்டைப் பார்த்து எழுதினால் செத்துப்போகும். அந்தக் கோடு எந்தக் கருவியால், எந்தக் கை அசைவில் பிறந்தது என்று தெரிந்துகொண்டு, அதே அசைவைத் தூரிகைக்குக் கொடுத்தால் உயிர் வரும். மற்றதெல்லாம் இதற்குத் துணைதான்.

லென்ஸை எடுங்கள், தூரிகையை அல்ல

படத்தைத் தேர்ந்தெடுத்ததும் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்து, கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். கணினித் திரையில் பார்ப்பதானால் முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். பழைய விளக்கப்படங்கள் பெரும்பாலும் ஐந்து வழிகளில் ஒன்றில் அச்சானவை.

பழையது மரச்செதுக்கு. பலகையின் மேல்பரப்பில் கோடு மேடாக நிற்கும். மற்ற இடமெல்லாம் தோண்டி எடுக்கப்பட்டிருக்கும். 1543-இல் பாசல் நகரில் அச்சான வெசாலியஸின் உடற்கூறு நூலில் இருப்பவை இந்த வகை. கோடு கொஞ்சம் முரடாக, ஓரம் வெட்டியது போல இருக்கும்.

அடுத்தது செப்புத்தகட்டுச் செதுக்கு. கூரான உளியைத் தகட்டின்மேல் முன்னோக்கித் தள்ளிக் கோடு கீறுவார்கள். அந்தப் பள்ளத்தில் நிற்கும் மைதான் அச்சில் வரும். உளி உள்ளே இறங்கும் இடத்தில் கோடு மெல்லியதாகத் தொடங்கி, ஆழம் போகப்போகப் பருத்து, வெளியேறும் இடத்தில் மறுபடி மயிரிழையாக முடியும். படத்தைச் சுற்றித் தாளில் தகடு அழுந்திய செவ்வகத் தடம் இருக்கும். திதெரோவும் தலாம்பேரும் தொகுத்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்கு, எழுத்துக்கு 17 தொகுதி போக, படத்தகடுகளுக்கென்றே 11 தொகுதிகள் வந்தன. கைவேலைக் கருவிகளைத் தீட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அது ஒரு புதையல்.

மூன்றாவதும் மரம்தான், ஆனால் வேறு மரம், வேறு கை. கெட்டியான பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த முகத்தில் மெல்லிய உளியால் கீறுவது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தாமஸ் பியூவிக் இதைக் கலையாகவே வளர்த்தார். இங்கே உளி கீறுவது வெள்ளைக் கோடு. கீறாத இடம் கறுப்பு. 19-ஆம் நூற்றாண்டுப் பாடப்புத்தகப் படங்களில் பெரும்பகுதி இதுதான். 1858-இல் வந்த கிரேயின் உடற்கூறு நூலுக்கு ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்த படங்களும் இப்படித்தான் அச்சாயின. என் அடிபம்பும் இதே வகை.

நான்காவது கல்லச்சு: சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புள்ள கிரேயானால் வரைவது. கோடு உடைந்து, மணல் தூவியது போலப் புள்ளியாக இருக்கும். ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட, கடல் உயிரினங்கள் நிறைந்த 100 தகடுகளில் பெரும்பாலானவை கல்லச்சுதான். ஐந்தாவது, 1880-களில் பரவிய ஹாஃப்டோன்: லென்ஸின் கீழே எல்லாமே ஒழுங்கான புள்ளி வரிசை.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? செப்புத்தகட்டுப் படம் என்றால் தூரிகையை மெல்ல வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். கல்லச்சு என்றால் ஈரமில்லாத தூரிகையைக் கேன்வாஸ் நெசவின்மேல் உரசிச் செல்ல வேண்டும். பாக்ஸ் மரச் செதுக்கு என்றால் கறுப்பு மிகுந்த இடங்களில் கோடு போடவே கூடாது. கறுப்பைப் பூசிவிட்டுக் கீற வேண்டும். என் முதல் பம்பில் நான் செய்த தப்புகளில் ஒன்று அது: கீறிய வெள்ளையைக் கறுப்புக் கோடாகப் படித்தேன்.

இன்னொன்று. அச்சு மை என்பது, அச்சுக்கலை முன்னோடி கூட்டன்பர்க் காலம் தொட்டு, காய்ச்சிய எண்ணெயில் கரியைக் குழைத்ததுதான். பிற்பாடு ஆளிவிதை எண்ணெய்தான் வழக்கமாயிற்று. நாம் தூரிகையில் எடுப்பதும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறமி. தண்ணீர் வண்ணத்தைவிட எண்ணெய் இந்த வேலைக்குப் பொருந்திப் போவதில் ஆச்சரியம் இல்லை, ரத்த சம்பந்தம் இருக்கிறது.

எந்தப் படம், எவ்வளவு பெரிது

நல்ல ஸ்கேன் வேண்டுமென்றால் இணையத்தில் வெல்கம் கலெக்‌ஷன், ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம், பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி மூன்றும் போதும், ஆயுளுக்கும் தீராது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய படங்களுக்குக் காப்புரிமைச் சிக்கல் அநேகமாக வராது. ஆனாலும் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருக்கும் பயன்பாட்டு விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முழுத்தகட்டையும் எடுக்காதீர்கள். ஒரு தகட்டில் எட்டு உருவம் இருந்தால் ஒன்றைப் பிடியுங்கள், அல்லது ஒன்றின் பாதியை. என் அளவு 40 × 50 செ.மீ. மூலப் படத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் போனால் கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி சாலை மாதிரி அகன்றுவிடும்; அதை நிரப்ப வேறு யோசனை வேண்டியிருக்கும்.

பலகையும் தாளின் நிறமும்

மெல்லிய கோட்டுக்கு முரட்டுக் கேன்வாஸ் எதிரி. நெசவின் ஒவ்வொரு மேட்டிலும் தூரிகை குதிக்கும். நான் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். பலகை வைத்துக்கொள்கிறேன். முதலில் முன்னும் பின்னும் அக்ரிலிக் மீடியம் ஒரு பூச்சு. மரத்திலுள்ள பழுப்பு மேலே ஏறாமல் இருக்கவும், பலகை வளையாமல் இருக்கவும். பிறகு நான்கு பூச்சு ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைக் குழம்பு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்ப்பு. கடைசிப் பூச்சுக்கு அப்புறம் மூன்று நாள் விட்டுவிட்டுத்தான் எண்ணெயைத் தொடுவேன். கல்லச்சுப் படத்துக்கு மட்டும் நெசவு தெரியும் கேன்வாஸ்.

அடுத்து தாளின் நிறம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பழசு என்றதும் பழுப்பு, கறை, ஓரத்தில் கருகல் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையில் 16, 17-ஆம் நூற்றாண்டுத் தாள் துணிக்கந்தலிலிருந்து செய்தது. நல்ல கவனிப்பில் இருந்திருந்தால் இன்றைக்கும் வெளுப்பாகவே இருக்கும். அதிகம் மஞ்சளிப்பது அதற்கு ரொம்பப் பிந்தியது: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த மரக்கூழ்த் தாள். அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிறது. ஆக, வெசாலியஸைத் தீட்டும்போது தாள் வெளுப்பாகவும், 1890-ஆம் வருடப் பாடப்புத்தகத்தைத் தீட்டும்போது மஞ்சளாகவும் இருப்பதுதான் நியாயம். நான் எடுப்பது டைட்டானியம் வெள்ளை, அதில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர், கத்தி முனையில் ரா அம்பர். பலகை முழுக்க மெல்லியதாகப் பூசி, அகலமான மென்தூரிகையால் தடம் தெரியாமல் தடவிவிட்டு, ஒரு வாரம் காயவிட வேண்டும். விரல் வைத்தால் ஒட்டக் கூடாது. கறை எதுவும் போட வேண்டாம்.

படத்தை மாற்றுவது

கார்பன் தாள் வேண்டாம். அதிலுள்ள மெழுகு வண்ணத்தைத் தள்ளும். பென்சிலை அழுத்தி வரைவதும் ஆபத்து: எண்ணெய் வண்ணம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும், அன்று மறைந்த பென்சில் கோடு பின்னால் எட்டிப்பார்க்கும். அச்செடுத்த தாளின் பின்பக்கம் பர்ன்ட் சியன்னா நிறமிப் பொடியைப் பஞ்சால் தேய்த்து, பலகைமேல் ஒட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் முக்கியமான விளிம்புகளை மட்டும் அழுத்துங்கள். விளிம்புகளை மட்டும்! நிழல் கோடுகளை மாற்றவே கூடாது. அவை கையிலிருந்து வர வேண்டியவை.

ஒருமுறை அவசரத்தில் தாளைத் திருப்பி வைத்து முழுப் படத்தையும் இடவலமாக மாற்றிவிட்டேன். பம்பின் கைப்பிடி மறுபக்கம் போனது, எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி. மனசைத் தேற்றிக்கொள்ள ஓர் உதாரணம் இருக்கிறது. தகட்டில் இருப்பது அச்சில் இடவலம் மாறித்தான் வரும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் ஒரு சங்கைத் தகட்டில் வரைந்தார். கையெழுத்தை இடவலம் மாற்றி எழுதியவர், சங்கைத் திருப்பிப் போடாமல் விட்டுவிட்டார். அச்சில் கையெழுத்து நேராக வந்தது, சங்கின் சுருள் மட்டும் இயற்கைக்கு எதிர்த்திசையில். சங்கு, நத்தை, உடற்கூறு இதையெல்லாம் பழைய தகடுகளிலிருந்து எடுக்கும்போது இதைச் சரிபார்ப்பது நல்லது. இதயம் வலப்பக்கம் இருக்கும் மனிதர்களைச் சில தகடுகளில் பார்க்கலாம்.

கோடு

கடையில் கோட்டுக்கென்று கேட்டால் மூன்று பூஜ்யம் போட்ட குட்டைத் தூரிகையைத் தருவார்கள். வாங்காதீர்கள். ஒரு செ.மீ. போவதற்குள் வண்ணம் தீர்ந்துவிடும். வேண்டியது ரிக்கர்: நீண்ட மயிருள்ள ஒல்லித் தூரிகை. பாய்மரக் கப்பல் ஓவியங்களில் கயிறுகளை இழுக்கப் பயன்பட்டதால் அந்தப் பெயர். 1 அல்லது 2-ஆம் எண் போதும். நீளமான மயிருக்குள் வண்ணம் தேங்கி நிற்கும், ஒரே இழுப்பில் 20 செ.மீ. வரும்.

கோட்டின் நிறம் சுத்தக் கறுப்பு அல்ல. பழைய மை கொஞ்சம் பழுப்பாகத்தான் தெரிகிறது. பர்ன்ட் அம்பர் இரண்டு பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒரு பங்கு. ஐவரி பிளாக் கூடாது என்பதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கலவையில், சீக்கிரம் காயவைக்கும் லிக்வின் போன்ற ஆல்கிட் மீடியம் சில துளி, நீர்க்க வைக்க ஒரு துளி மினரல் ஸ்பிரிட். பதம் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டில் 10 செ.மீ. கோடு இழுங்கள். நடுவில் அறுந்தால் கெட்டி. ஓரம் கசிந்து பரவினால் நீர்த்துவிட்டது. பேனா மை இறங்குவது போலத் தானாக இறங்க வேண்டும்.

இழுக்குமுன் அந்த இடத்தில் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தொட்டுத் தேய்த்து, மறுபடி உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு போதும். கோடு வழுக்கிக்கொண்டு போகும். தப்பானால் ஒரு துடைப்பில் அழிந்தும் போகும். இந்த ஒரு தந்திரம் தெரிந்த பிறகுதான் எனக்குக் கை நடுக்கமே நின்றது. அழிக்கலாம் என்று தெரிந்தால் கை நடுங்காது.

மணிக்கட்டால் இழுக்காதீர்கள், தோளிலிருந்து இழுங்கள். பலகையைத் திருப்பிக்கொண்டே இருங்கள். செப்புத்தகட்டில் கீறியவர்களும் உளியைத் திருப்பவில்லை. தோல் மெத்தையின்மேல் தகட்டை வைத்துத் தகட்டைத்தான் சுழற்றினார்கள். வளைவான கோடு வேண்டுமென்றால் இடது கை பலகையைச் சுழற்ற, வலது கை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். முதலில் விநோதமாக இருக்கும், அரைமணி நேரத்தில் பழகிவிடும். நேர்கோட்டுக்கு இரண்டு மரக்கட்டைமேல் ஒரு சட்டத்தைப் பாலம் போல வைத்து, தூரிகையின் உலோகக் கழுத்து அதில் உரச இழுக்கலாம். பழைய ரூலிங் பேனா இருந்தால் அதில் இந்த நீர்த்த வண்ணத்தை நிரப்பியும் இழுக்கலாம். என்னுடையது பெட்டியிலிருந்து வெளியே வந்தது இப்படித்தான்.

இப்போது பம்புக்கு வருகிறேன், இரண்டாவது முறை செய்தது. மூலத்தில் உருளையின் அகலம் 18 மி.மீ. அதற்குள் மேலிருந்து கீழாக 46 கோடு. லென்ஸ் வைத்து எண்ணியது. வலது ஓரத்தில் நெருக்கம், இடதில் கொஞ்சம், நடுவில் வெளிச்சப் பட்டை. என் பலகையில் உருளை 9 செ.மீ. 46 கோட்டையும் போட்டதாலும்தான் முதல்முறை கெட்டது. இந்த முறை வலதில் ஒன்பது, இடதில் ஐந்து, அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே முன்கூட்டியே ஒரு மெல்லிய சாம்பல் சாயலை உருளையின் வளைவுக்கு ஏற்றபடி இழைத்துக் காயவிட்டிருந்தேன். அதாவது, 46 கோடு சேர்ந்து செய்த வேலையில் பாதியைச் சாயலிடம் கொடுத்துவிட்டேன். மீதியிருந்த 14 கோடும் அளவுக்கு மேல் பாடுபடாமல், ஒவ்வொன்றும் பருத்து மெலிந்து, கோடாகவே தெரிந்தது.

உருளைச் சுவரின் வெட்டுமுகத்தில் 45 டிகிரி சாய்கோடுகள். வெட்டிய உலோகம் என்பதற்கு வரைபடக்காரர்கள் போடும் குறி அது. அதை அப்படியே வைத்தேன். அது நிழல் அல்ல, சொல். எது நிழல் சொல்ல வந்த கோடு, எது குறியாக வந்த கோடு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நிழல் கோட்டைக் குறைக்கலாம், வண்ணமாக மாற்றலாம். குறிக்கோட்டில் கை வைத்தால் படம் என்ன சொல்கிறது என்பதே போய்விடும்.

தண்ணீருக்கு மூலத்தில் படுக்கைக் கோடுகள், மேலே நீளம், கீழே போகப்போகக் குட்டை. நான் நீர்மட்டத்தில் மூன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை அடியோடு எடுத்துவிட்டேன். அங்கே பிறகு கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பூச்சு ஒன்றே ஒன்று: பிரஷியன் நீலம், ஆல்கிட் மீடியத்தில் நன்றாக நீர்த்தது. பிஸ்டனுக்குக் கீழே குழாயில் ஏறி நிற்கும் தண்ணீருக்கும் அதே நீலம். படத்தில் வேறெங்கும் நிறம் கிடையாது. நீலம் எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர், எங்கே நின்றுவிட்டதோ அங்கே வால்வு மூடியிருக்கிறது. அறிவியல் விளக்கத்தை நிறமே எடுத்துக்கொண்டது.

கிணற்றின் உட்சுவர் செங்கல். அதற்குத்தான் கீறும் வேலை. காய்ந்த தாள் நிறத்தின்மேல் கோட்டுக் கலவையையே கொஞ்சம் கெட்டியாக, ஒரே சீராகப் பூசினேன். ஒரு மணிநேரத்துக்குள், தூரிகைக் காம்பின் முனையைச் சீவி உளிபோல ஆக்கிக்கொண்டு, செங்கல் இணைப்புகளைக் கீறி எடுத்தேன். ஒவ்வொரு கீறலுக்கும் முனையைத் துணியில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த கறுப்பையே அடுத்த கீறலில் திரும்ப வைப்பீர்கள். கீறலின் இரு ஓரத்திலும் வண்ணம் மெல்லிய வரம்பாக எழும்பும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது தெரியும்போது மரக்கட்டையையே பார்ப்பது போல இருக்கும். ஆல்கிட் சேர்த்தால் சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே இந்தப் பகுதிக்கு மட்டும் வெறும் ஆளிவிதை எண்ணெய்.

நிறம் சேர்ப்பதானால்

கறுப்பு வெள்ளை அச்சை வண்ணமாக மாற்றியவர்களில் நான் அடிக்கடி பார்ப்பது வான்கோவை. 1890-இல் அவர் தீட்டிய கைதிகளின் நடை, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் லண்டன் படங்களில் ஒன்றைப் பார்த்துச் செய்தது. சிறைமுற்றத்தில் வட்டமாக நடக்கும் கைதிகள். உருவ அமைப்பில் அவர் பெரிதாகக் கை வைக்கவில்லை. டோரேயில் கோட்டு நிழல் இருந்த சுவரிலும் தரையிலும் நீலமும் பச்சையும் சின்னச் சின்னத் தீற்றல்களாக நிற்கின்றன. தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்த மாதிரி வேலையை, இன்னொருவர் இயற்றிய இசையை வாசிப்பவரின் வேலையோடு ஒப்பிட்டிருக்கிறார். தீற்றலின் திசையைக் கோட்டிடமிருந்து வாங்கிக்கொண்டு, நிறத்தைத் தன்னிடமிருந்து கொடுப்பது. ஒரு தொடையெலும்பையோ வண்டையோ தீட்டும்போது இதை முயன்று பாருங்கள். கோடு சுற்றிய திசையிலேயே வண்ணம் சுற்றட்டும்.

பறவை, செடி, பூச்சித் தகடுகளில் பல, கறுப்பில் அச்சாகி, பிறகு கையால் நீர்வண்ணம் பூசப்பட்டவை. அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபானின் 435 தகடுகளும் அப்படித்தான். அங்கே கோடு கீழே, நிறம் மேலே. கோடு நன்றாகக் காய்ந்த பிறகு ஒளி ஊடுருவும் வண்ணங்களால் பூச்சுக் கொடுங்கள்: பர்ன்ட் சியன்னா, பிரஷியன் நீலம், குவினக்ரிடோன் சிவப்பு. காய்ந்துவிட்டதா என்று அறிய வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஓரத்தில் மெல்லத் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் இன்னும் நேரம் ஆகவில்லை. நிறம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் வழியட்டும், அதைத் திருத்தாதீர்கள்.

ஹாஃப்டோன் புள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எனக்கு அதில் பொறுமை இல்லை. துளையிட்ட உலோகத் தகட்டை ஸ்டென்சிலாக வைத்துக் கெட்டி வண்ணத்தைத் தட்டுவது ஒரு வழி. கறுப்புப் புள்ளி வரிசையை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அமெரிக்க ஓவியர் லிக்டென்ஸ்டைன் 1961-இல் இதைத் தொடங்கியபோது நாய்க்கு முடி வாரும் பிரஷை வண்ணத்தில் தோய்த்துத்தான் புள்ளி வைத்தார். துளைத் தகடெல்லாம் பிறகுதான்.

எழுத்துகள்

ஏ, பி, சி எழுத்துகளையும் அவற்றிலிருந்து போகும் புள்ளிக் கோடுகளையும் வைப்பதா விடுவதா? வைக்கச் சொல்வேன். எழுத்து போனால் அது வெறும் பம்பு. எழுத்து இருந்தால் யாரோ யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறார். அடியில் இருக்கும் விளக்கக் குறிப்பை மட்டும் விட்டுவிடுவேன். பிரெஞ்சு ஓவியர் பிக்காபியா 1919-இல் கார்ப்யூரேட்டர் வரைபடம் ஒன்றை எடுத்துப் பிளைவுட்டில் எண்ணெயும் தங்கத் தகடும் வைத்துத் தீட்டியபோது, பாகங்களின் பெயர் இருக்க வேண்டிய இடங்களில் சம்பந்தமில்லாத சொற்களை எழுதினார். அவ்வளவு குறும்பு எனக்கு வராது.

எழுத்தை ஒரே மூச்சில் அழகாக எழுதப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் தடித்தே எழுதிக் காயவிட்டு, தாளின் நிறத்தை எடுத்து வெளியிலிருந்து செதுக்கிக்கொண்டே வாருங்கள். கூர்மை வெள்ளையிலிருந்து வரும். இதற்காகத் தாள் நிறக் கலவையில் கொஞ்சத்தை முதல் நாளே ஒரு சின்ன டியூபில் அடைத்து வைத்துவிடுங்கள்; பிறகு கலக்கினால் அதே நிறம் வரவே வராது, எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

காய்வதும் வெடிப்பதும்

ஐவரி பிளாக் கதை இதுதான். எனது மூன்றாவது படத்தில் பின்னணி முழுக்க அதைத் தாராளமாகப் பூசி, நான்கு நாளில் மேலே தாள் நிறத்தில் மெல்லிய கோடு போட்டேன். அந்தக் கறுப்பு எண்ணெயை நிறையக் குடிக்கும், மெதுவாகக் காயும். மேலே போட்ட ஒல்லிப் பூச்சு முந்திக்கொண்டு காய்ந்தது. கீழே இருந்தது பிறகு நகர்ந்தது. ஏழெட்டு மாதத்தில் வற்றிய ஏரி மாதிரி வெடிப்பு. சீக்கிரம் காய்வதும் எண்ணெய் குறைந்ததும் கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே என்பது எல்லோரும் சொல்வதுதான். கோட்டு வேலையில் இது மறந்துபோகிறது, ஏனென்றால் கோட்டை நீர்க்க வைக்க ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டே போவோம். ஒரு துளிக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். அம்பர் ஓரிரு நாளில் காய்ந்துவிடும் என்பதால் அடியில் அதற்கே இடம்.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். பளபளப்பு வேண்டாம், அச்சுத்தாள் பளபளக்காது. மேட் வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. இரண்டாவது போட்டால் கறுப்பு வெளுத்துப் புகைபடிந்தது போலாகிவிடும்.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும், குவியலாக இருந்தால் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். இந்த வேலையில் துடைப்பு அதிகம், ஆகவே துணியும் அதிகம்.

கையெழுத்து. பழைய தகடுகளின் அடியில் இடது மூலையில் வரைந்தவர் பெயரும், வலது மூலையில் செதுக்கியவர் பெயரும் லத்தீன் சுருக்கத்தோடு இருக்கும். பாடப்புத்தகப் பம்பில் இரண்டுமே இல்லை. அந்த 46 கோட்டைக் கீறியவர் யாரென்று எங்கும் எழுதவில்லை. இரண்டாவது பம்பில் என் முதலெழுத்தை இடது மூலையில் ரிக்கரால் போட்டேன், 4 மி.மீ. உயரம். வலது மூலையில் செதுக்கியவருக்கான சுருக்கத்தை மட்டும் எழுதி, பெயர் வர வேண்டிய இடத்தைத் தாளின் நிறத்திலேயே விட்டிருக்கிறேன்.